நரம்பறுந்த சுரப்பி

"ரத்தம் குறையவில்லை, அம்மா. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு ஏன் அது சுருங்கிப்போகிறது?"

கேட்டவர் தில்லைநாயகம். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தவர்.

சுரப்பிக்குப் போகும் நரம்பை மட்டும் அறுத்துவிட்டுப் பார்ப்பார். நாம் நினைக்காமலே உடம்பை நடத்துகிற தன்னியக்க நரம்பு அது. சில வாரங்களில் சுரப்பி இளைத்துவிடும். எச்சிலில் சேரும் புரதங்களைச் செய்வதற்கான குறிப்பு அதற்குள் அப்படியேதான் இருக்கும். ஆனால் சுரப்பி அதைப் படிப்பதைக் குறைத்துவிடும்.

எது எதைத் தொடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏன் என்பது மட்டும் பிடிபடவில்லை. ஓய்வுபெற்ற கையோடு பொதிகை அடிவாரத்து மடத்துக்கு வந்துவிட்டார்.

மடத்தை நடத்தி வந்த பூங்கோதை அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு மருத்துவச் சுவடியைக் கொடுத்து, தினமும் ஓர் ஏடு படித்துப் பொருள் சொல்லச் சொன்னார்.

காலையானால் கூப்பிட்டனுப்புவார். தில்லைநாயகமும் ஆசையாகப் போய்ப் படிப்பார். சுவடி அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பத்தாம் நாள் அழைப்பு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை.

வேளைக்குச் சோறு வந்தது. அறைக்கும் சுவடிக்கும் ஒரு குறையுமில்லை. முதல் வாரம் தனக்குத்தானே படித்துக்கொண்டார். அப்புறம் பாதி ஏடு. அப்புறம் சுவடியைக் கட்டி மாடத்தில் வைத்துவிட்டார். முகம் மழிப்பது நின்றது. சோறு இலையிலேயே மிஞ்சியது.

ஒரு மாதம் போனது. பொறுக்க முடியாமல் அம்மையிடம் போய், ஊருக்குக் கிளம்புவதாகவும், கேட்டதற்கு இங்கே விடை கிடைக்கவில்லை என்றும் சொன்னார்.

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இளைத்துவிட்டீர்களே, ஐயா. சோறு வரவில்லையா?"

"வந்தது."

"சுவடியைச் செல் அரித்துவிட்டதா?"

"இல்லை. அப்படியே இருக்கிறது."

"பிறகு ஏன் படிக்கவில்லை?"

"நீங்கள் கூப்பிடவே..."

பேச்சு பாதியில் நின்றது. தில்லைநாயகம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

எலியை முதன்முதலாகக் கையில் எடுத்த மாணவனைப் போல மெல்லக் கேட்டார்:

"மறுபடி கூப்பிட்டால் என்ன ஆகும், அம்மா?"

"முப்பது வருஷம் அறுத்துப் பார்த்தீர்களே, ஐயா" என்றார் பூங்கோதை. "ஒரு நாளாவது கூப்பிட்டுப் பார்த்தீர்களா?"