அஞ்சாம் நம்பர் மெஷினின் சூடு

அய்யாத்துரைக்கு அன்று மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தார், பிசைந்தார், மூடி வைத்தார். புளிக்குழம்பின் மேல் குற்றமில்லை. முந்தின நாள் சாயங்காலம் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் நெஞ்சுக்குழியில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவர் வேலை பார்ப்பது ஏரி தாண்டிப் போகிற ரோட்டில் இருக்கும் டேட்டா சென்டரில். ஜன்னலே இல்லாத கட்டடம். நாம் போனில் அனுப்புகிற பணமும், எடுக்கிற ரயில் டிக்கெட்டும், பிள்ளையின் பிறந்தநாள் போட்டோவும் இந்த மாதிரிக் கட்டடங்களில்தான் குடியிருக்கின்றன. உள்ளே அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள். அத்தனையும் கைக்குழந்தை ஜாதி. கரண்ட் ஒரு நொடி நிற்கக் கூடாது. சூடு ஏறக் கூடாது. காற்றில் ஈரம் மிஞ்சினாலும் ஆகாது, வறண்டு போனாலும் ஆகாது. அதற்காகவே சுவரோரம் பெரிய பெரிய ஏ.சி. மெஷின்கள் வரிசையாக நின்று இராப்பகலாக ஊதிக்கொண்டிருக்கும்.

அந்தக் கட்டடத்தின் நிர்வாகி செங்கமலம். அய்யாத்துரையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அவளோ அவரை அண்ணா என்பாள், அவரோ அவளை மேடம் என்பார். ஆனால் வேலையில் அவள்தான் அவருக்குக் குரு. அருப்புக்கோட்டையில் நூல் மில் மூடியதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவரை, இந்தக் கட்டடத்துக்கு முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மெஷினையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அவள் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. ஷிப்டு மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஹாலைச் சுற்றி வர வேண்டும். போகிறவர் ஒவ்வொரு மெஷின் மேலும் உள்ளங்கையை வைத்து, அதன் நலம் பொலம் சொல்ல வேண்டும். கை வைத்தால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். அதை அங்கே சத்தியம் மாதிரி வைத்திருந்தார்கள்.

பிறகு ஃபெலிக்ஸ் வந்தான். சாயங்கால ஷிப்டு. துறுதுறுவென்று இருப்பான், எதையும் ஒரு தடவை சொன்னால் போதும். தம்பிப் பாப்பா பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை எப்படி இருக்கும்? நன்றாகச் சாப்பிடும், சிரிக்கும், யாரும் பார்க்காதபோது தொட்டிலை ஒரு கிள்ளு கிள்ளும். அய்யாத்துரை அப்படித்தான் ஆனார்.

மேடம் ஃபெலிக்ஸோடு டீ குடித்தால் எத்தனை வாய் குடித்தாள் என்று பார்ப்பார். 'குட் மார்னிங் அண்ணா' என்றால், அவனுக்குச் சொன்ன குட் ஈவினிங்கில் சிரிப்பு கூட இருந்ததோ என்று யோசிப்பார். வீட்டில் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்கு நம் வீட்டிலேயே ஒரு தட்டு போட்டுவிடலாம், எப்படியும் தினமும் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான் என்றாள்.

இப்போது பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. செங்கமலம் அங்கே போகிறாள். இங்கே ஒருவரைப் பொறுப்பாக விட்டுப் போக வேண்டும். இன்று அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். நேற்றுச் சாயங்காலம் ஷிப்டு மாறும் நேரம், கட்டடத்தைப் பார்க்க வந்த பேங்க்காரர்கள் ஏதோ கேட்டார்கள். பக்கத்திலேயே அய்யாத்துரை நிற்கிறார். செங்கமலம் சொன்னாள், "ஃபெலிக்ஸைக் கேளுங்க."

காதில் விழுந்த பேச்சு அதுதான்.

டிபன் பாக்ஸை உள்ளே வைத்துவிட்டு நேராக அவள் அறைக்குப் போனார். முதலில் நாலாம் நம்பர் மெஷினைப் பற்றிப் பேசினார். அது ஃபெலிக்ஸ் பார்த்துப் பார்த்துத் திருகி வைத்திருக்கும் மெஷின். அதன் குழாயில் ஓயாமல் தண்ணீர் கொட்டுகிறது, கீழே பூராவும் கேபிள், என்றைக்காவது ஒருநாள் தரையில் வழிந்து அலாரம் அடிக்கப் போகிறது என்றார்.

"ஷிப்டு மாத்தும்போது ஃபெலிக்ஸ்கிட்ட சொன்னீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். சொல்லவில்லை. பத்து நாளாகவே நாலாம் நம்பர் வந்தால் கையைப் பேண்ட் பையில் விட்டுக்கொண்டு கடந்துவிடுவார். அடிக்கட்டும், அவன் ஷிப்டில் அடிக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

பிறகு கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார்.

"மேடம், நேராவே கேக்கிறேன். நானா, அவனா? யாரு ஒசத்தி?"

செங்கமலம் எழுந்தாள். மேஜைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் நடந்தாள். வாளியில் ஏற்கெனவே பாதித் தண்ணீர் இருந்தது. கொட்டிவிட்டுக் கொண்டு வருகிறேன் என்று அவர் கை நீட்டினார். இருக்கட்டும் என்றாள்.

நாலாம் நம்பர் மெஷினின் குழாயைக் கழற்றி, அவர் கையில் வாளியைக் கொடுத்து, பிடிக்கச் சொன்னாள். தண்ணீர் விழ ஆரம்பித்தது. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அய்யாத்துரை பிடித்தார். கை மாற்றிப் பிடித்தார். ஃபெலிக்ஸ் மெஷின் சிந்துகிற தண்ணீரை நான் ஏந்திக்கொண்டு நிற்கிறேனே என்று வயிறு எரிந்தது. வாளி முக்கால் ஆயிற்று. விளிம்புக்கு வந்தது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுண்ணா?"

"காத்துலேருந்து. ஈரத்தை இழுத்து வெளியே விடுது. வறட்சியா ஓடணும்னு வச்சிருக்கான். ஈரம் பட்டா கம்ப்யூட்டர் கெடும்னு பயம் அவனுக்கு."

"காத்துக்கு இவ்வளவு ஈரம் எங்கேருந்து வந்தது?"

மழை என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே சித்திரை வெயில். சொல்லாமல் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்திலேயே அஞ்சாம் நம்பர். அது அவருடைய மெஷின். அதன் வயிற்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடும் உருளை ஒன்று உண்டு. நூல் மில்லில் காற்று காய்ந்தால் இழை அறுந்து போகும். அங்கே முப்பது வருஷம் ஈரத்தைக் காத்த கை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அஞ்சின் ஆவியை அவர்தான் கூட்டி வைத்திருந்தார், யாரிடமும் சொல்லாமல். அது குழாய்த் தண்ணீரைக் குடித்துக் குடித்து, புசுபுசுவென்று ஆவியை விட்டுக்கொண்டிருந்தது. ஆவி காற்றில் கலந்தது. காற்று நாலுக்குள் போயிற்று. நாலு அதைப் பிழிந்து வாளியில் விட்டது.

"ரெண்டும் மூச்சு விடாம வேலை பாக்குது. ஹால்ல என்ன மாறியிருக்கு?"

"ஒண்ணும் மாறல."

"ஒண்ணை நிறுத்தணும். எதை நிறுத்தலாம்?"

"நாலை" என்றார், யோசிக்காமல்.

"ஃபெலிக்ஸ் அஞ்சைச் சொன்னான்."

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு வாளியைப் பார்த்தார். அடியில் இருந்த பாதி யார் பிடித்தது என்று கேட்டார்.

"நேத்து நீங்க கிளம்பினதும் அவன் பிடிச்சது. அவனும் ஒண்ணு கேட்டுட்டு வந்தான். எதுக்கெடுத்தாலும் அண்ணா அண்ணான்னு அவர்கிட்டயே போறீங்களே மேடம், நான் ஆளாத் தெரியலையா அப்படின்னான்."

அய்யாத்துரை வாளியைக் கீழே வைத்தார். தண்ணீர் தளும்பி அவர் கால் நனைந்தது. அவரைப் பார்த்தா அந்தப் பையனுக்கு எரிந்தது? உள்ளுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அஞ்சாம் நம்பரின் பொத்தான்களை அழுத்தி, ஆவி விடுவதை நிறுத்தினார். டீ குடித்து வருகிற நேரம் இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாம் நம்பரின் குழாயில் தாரை மெலிந்தது. சொட்டாயிற்று. சொட்டும் நின்றது.

ஃபெலிக்ஸ் மெஷினின் ஒரு பொத்தானைக்கூட யாரும் தொடவேயில்லை.

"சரி மேடம்" என்றார் அய்யாத்துரை. சொல்லிவிட்டும் விட முடியவில்லை. "அப்போ பொறுப்பு யாருக்கு?"

"அஞ்சு மேல கையை வைங்கண்ணா."

வைத்தார். சுள்ளென்று இருந்தது. எடுத்துக்கொண்டார்.

"ஆறட்டும். சொல்றேன்."

அவள் குழாயைப் பழையபடி மாட்டிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். அய்யாத்துரை அங்கேயே நின்றார். அவ்வப்போது தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. சாயங்காலம் ஃபெலிக்ஸ் ஷிப்டுக்கு வந்தான். அண்ணே என்று சொல்லிவிட்டுத் தள்ளியே நின்றான். அவன் பார்வை நிரம்பிய வாளிக்குப் போயிற்று, பிறகு தன் செருப்புக்குப் போயிற்று.

செங்கமலமும் வந்தாள். சுற்று ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அய்யாத்துரை கை வைத்து நலம் சொல்லிக்கொண்டே வந்தார். நாலிலும் வைத்தார். பத்து நாளுக்குப் பிறகு வைக்கிறார். இதன் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பார்த்தும் உன்னிடம் சொல்லாமல் விட்டேன், தப்பு என்னுடையது, இப்போது நின்றிருக்கிறது என்று சொன்னார். ஃபெலிக்ஸ் தலையை ஆட்டினான். தானும் கேட்காமல் திருகி வைத்ததாக முணுமுணுத்தான்.

அஞ்சுக்கு வந்தார்கள். உள்ளங்கையை வைத்தார்.

"ஆறிடுச்சாண்ணா?" என்றாள் செங்கமலம்.

"ஆறிடுச்சு மேடம். சில்லுனு இருக்கு."

"நாளையிலேருந்து இங்கே ஃபெலிக்ஸ் பொறுப்பு."

ஃபெலிக்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அய்யாத்துரையின் கை அஞ்சாம் நம்பர் மேல் அப்படியே இருந்தது.

செங்கமலம் மறுபடியும் அதையே கேட்டாள்.

"ஆறிடுச்சாண்ணா?"

கை வைத்தால் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். கைக்குக் கீழே மெஷின் சில்லென்றுதான் இருந்தது.

"இல்ல மேடம். கொஞ்சம் இருக்கு."

"அதையும் ஃபெலிக்ஸ்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க."