மூன்று தட்டு

ஒரு காட்டில் கோடை முற்றி, ஓடை நின்றுபோனது. மேட்டில் ஒரு பாறை தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தது. அதை உருட்டிவிட யானைகள் வந்தன. வரும் தண்ணீரைத் தேக்குவதற்காகக் காட்டுப்பன்றிகள் கீழே மணலில் பள்ளம் தோண்டின.

பாறைக்குப் பின்னால் நிற்கும் யானைகளுக்குக் கீழே நடப்பது தெரியாது. பார்த்துச் சொல்லச் செங்கொண்டை என்ற மரங்கொத்தியை வைத்திருந்தன. மரத்தில் ஒரு தட்டு என்றால் தள்ளு. இரண்டு என்றால் நில்.

குனிந்து தோண்டும் பன்றிகளுக்கு மேலே நடப்பது தெரியாது. அவை பொன்முதுகன் என்ற இன்னொரு மரங்கொத்தியை வைத்திருந்தன. ஒரு தட்டு என்றால் தோண்டு. இரண்டு என்றால் கரையேறு.

காலையில் செங்கொண்டை ஒன்று தட்டியது. பொன்முதுகனும் ஒன்று தட்டியது. எல்லோருக்கும் இரண்டு கேட்டது. யானைகள் நின்றன, பன்றிகள் கரையேறின.

"என்ன தம்பி, ஆரம்பிக்கும் முன்பே நிறுத்திவிட்டாய்?" என்றது பெரிய யானை.

"நான் நிறுத்தவில்லை அண்ணா. கீழே ஒருவன் குறுக்கே தட்டுகிறான்."

"போய்ப் பேசிவிட்டு வாயேன்."

"மரங்கொத்தி பேசப் போகாது. அவனைவிட உரக்கத் தட்டும். அதுதான் எங்கள் வழக்கம்."

செங்கொண்டை பொந்து விழுந்த வேங்கை மரத்துக்கு மாறியது. பொன்முதுகன் அதைவிடப் பெரிய பொந்து தேடிக்கொண்டது. இப்போது இருவரின் தட்டும் காடு முழுவதும் கேட்டது. யானைகள் நிற்பதும் பன்றிகள் ஏறுவதுமாகப் பொழுது போனது. எல்லோருக்கும் நாக்கு வறண்டது.

ஒருவழியாகப் பாறை ஆடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, மற்றப் பன்றிகள் கரையில் இருக்க, ஒரு பன்றிக்குட்டி மட்டும் பள்ளத்தில் இறங்குவதைச் செங்கொண்டை கண்டது. அவசரமாக இரண்டு தட்டியது. அதை அமுக்கிவிட வேண்டும் என்று பொன்முதுகன் பலமாக ஒன்று தட்டியது.

"மூன்று கேட்டதே," என்றது இளைய யானை. "மூன்றுக்கு என்ன?"

பெரிய யானை யோசித்தது. "மூன்று நாம் பேசிவைக்கவில்லை. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று. தள்ளிவிட்டு நிற்போம்."

தள்ளின. நின்றன. பாறை நிற்கவில்லை.

குட்டி மயிரிழையில் தப்பிக் கரைக்குத் தாவியது. பாறை பள்ளத்தில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வந்த தண்ணீர் தேங்க இடமில்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

தாய்ப்பன்றி மரத்தடிக்கு வந்தது. "உங்கள் இருவரின் தட்டும் நன்றாகக் கேட்டது. என் பிள்ளைக்கும் கேட்டது. எதைக் கேட்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை."

செங்கொண்டை பறந்துபோய்ப் பொன்முதுகன் பக்கத்தில் உட்கார்ந்தது.

"தண்ணீர் ஓடித் தீர்வதற்குள் பாறையை எடுக்க வேண்டும். நான் மூங்கிலில் தட்டுகிறேன், நீ பொந்தில் தட்டு. ஓசை வேறாகிவிடும்."

"மூங்கிலில் தட்டினால் தூரம் கேட்காதே," என்றது பொன்முதுகன்.

"யானைகளுக்குக் கேட்டால் போதும். நீ தட்டி முடிக்கும்வரை நான் தட்டமாட்டேன்."

"உனக்கு அவ்வளவு பொறுமை உண்டா?"

"இல்லை. இன்றுதான் ஆரம்பிக்கிறேன்."

பொந்து ஒலித்தபோது பன்றிகள் பாறையைச் சுற்றித் தோண்டின. அவை கரையேறிய பிறகு மூங்கில் ஒலித்தது, கீழே இறங்கி வந்திருந்த யானைகள் பாறையை இழுத்தன. மாலைக்குள் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

நீதி: ஒரே வெளியில் இருவர் குரல் கொடுக்க வேண்டியிருந்தால், உரக்கக் கத்துவது இருவரையும் கெடுக்கும், விலகி ஒலிப்பதும் முறைவைத்து ஒலிப்பதுமே இருவரையும் காக்கும்.