துண்டுக்குள் சிக்கிய கை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் மற்றவர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும் ஒரு நாடு இருந்தது. ஒருநாள் ராஜாவின் கண் அவருடைய பழைய பல்லக்கின் மேல் விழுந்தது. மெத்தை கிழிந்து, தண்டில் ஒட்டுப் போட்ட பல்லக்கு.

விகடகவி மாசிலாமணியைக் கூப்பிட்டார். "இதைச் சந்தையில் விற்று வாரும். வாங்கிய விலை ஐந்நூறு பொன். ஒரு பொன்னும் குறையக்கூடாது."

பொக்கிஷதார் திருமலையப்பருக்கு விகடகவியைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, இவருக்கு முதலே வாய்தான். வாயைத் திறக்காமல் விற்றால் அல்லவா சாமர்த்தியம்?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்! பொழுது சாய்வதற்குள் விற்காவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்."

வீட்டில் அகிலாண்டம் அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டினாள். "நிறைமாசத்தோட எந்த ஊருக்குங்க நடக்கிறது?" மாசிலாமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.

அந்த ஊர்ச் சந்தையில் பழைய சாமானுக்கு யாரும் வாயால் விலை பேசுவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். அரண்மனைச் சாமான் என்றால் ஒரு விரல் நூறு பொன். ஒருவர் கை உள்ளே இருக்கும்வரை அடுத்தவர் கை நுழையக்கூடாது. ஆகவே ஊமையாக விற்பது ஒன்றும் முடியாத காரியமில்லை. ஆனால் பல்லக்கைத் தொட்டவனுக்கு வரி இரட்டிப்பு என்று பொக்கிஷதார் வியாபாரிகளை முன்பே மிரட்டி வைத்திருந்தார்.

ஒரு ஈ காக்கை அண்டவில்லை. வெயில் இறங்க இறங்க மாசிலாமணிக்கு நாக்கு வறண்டது.

வேடிக்கை பார்க்கப் பொக்கிஷதாரே வந்தார். "என்ன ஓய், போணி ஆச்சா?" துண்டுக்குள் கையை விட்டுக் கேலியாக ஒரே ஒரு விரலைப் பிடித்தார்.

மாசிலாமணி சட்டென்று அந்தக் கையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டார். விடவே இல்லை.

பொக்கிஷதார் இழுத்தார், முறுக்கினார், வியர்த்தார். கூட்டம் கூடிவிட்டது.

"அடேயப்பா, எவ்வளவு நேரமா பேரம் பேசுறாரு!"

"நம்மள மிரட்டினது இதுக்குத்தானா? பல்லக்குக்குள்ளே ஏதோ பதுக்கியிருக்குய்யா!"

"அவரு கை வெளியே வரட்டும். வரி போனாப் போகுது, நான் வாங்கறேன்!"

பொக்கிஷதார் இழுப்பதை நிறுத்தினார். இத்தனை பேர் துடிக்கிறார்களே, நமக்குத் தெரியாமல் ஏதாவது இருக்குமோ? கையை எடுத்தால் அடுத்தவன் கை நுழைந்துவிடும். அவசர அவசரமாக மாசிலாமணியின் ஐந்து விரல்களையும் சேர்த்து அழுத்தினார்.

பொழுது சாயுமுன் பணம் சபைக்கு வந்து சேர்ந்தது. மெத்தையைப் பிரித்துப் பார்த்த பொக்கிஷதாருக்கு இலவம்பஞ்சுதான் மிச்சம்.

"இனி வாயைத் திறக்கலாம்" என்றார் ராஜா. "துண்டுக்குள் அப்படி என்ன சொன்னீர்?"

"ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா. கையைப் பிடித்தது தந்திரம். விடாமல் இருந்தது பயம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்நூறு பொன்னையும் மாசிலாமணிக்கே கொடுத்தார். அகிலாண்டம் மூட்டையை அவிழ்த்து உலை வைத்தபோதும் மாசிலாமணி துண்டை இறுக்கிப் பிடித்தபடியேதான் இருந்தார்.