மூன்று இறகும் ஒரு வளையும்

குளத்தின் பள்ளக்கரையில் ராக்கன், பூவாயி என்ற இரண்டு முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. சென்ற ஐப்பசியில் குளம் நிரம்பி, வளைக்குள் தண்ணீர் வந்தது. மூன்று குட்டிகளில் இரண்டுதான் வெளியே வந்தன.

"அடுத்த ஐப்பசிக்குள்ள மேட்டுக்குப் போயிடணும்" என்றது பூவாயி.

மேட்டு நிலம் முழுவதும் நாரைக்குச் சொந்தம். எப்படிச் சொந்தமானது என்று காட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் இப்போது காட்டில் இல்லை. மேட்டில் வளை வேண்டுமென்றால் நாரை கடனுக்குக் கொடுக்கும். மாதம் பதினைந்து கிழங்காகப் பல வருடம் கட்ட வேண்டும்.

வைகாசியில் இரண்டும் நாரையிடம் போயின. ராக்கன் தன் முதுகு முள்ளுக்கு நடுவே மூன்று மயிலிறகுகளைச் செருகிக்கொண்டு போனது. அவை நரி கொடுத்தவை. கரடியின் கடையில் தேன் வாங்கினாலும் குரங்கின் கடையில் பலாச்சுளை வாங்கினாலும் கிழங்கு கொடுக்க வேண்டாம். இறகைக் காட்டினால் போதும். கடைக்காரருக்கு நரி கொடுத்துவிடும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நரிக்குக் கட்ட வேண்டும். ஓர் இறகுக்கு நாற்பது கிழங்கு வரை வாங்கலாம்.

நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"கையில என்ன இருக்கு?"

ராக்கன் முதுகைத் திருப்பிக் காட்டியது. "நூற்றிருபது கிழங்கு இருக்குங்க."

"எங்கே?"

"இறகுல. ஒண்ணுக்கு நாற்பது."

"அது நீங்க வாங்கக்கூடிய கடன். உங்ககிட்ட இருக்கிறது இல்ல."

ராக்கனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

நாரை பக்கத்திலிருந்த பட்டமரத்தைப் பார்த்தது. இறகைக் காட்டி வாங்கும் ஒவ்வொரு கிழங்குக்கும் மரங்கொத்தி அந்த மரத்தில் ஒரு துளை போடும். கட்டினால் துளையைப் பிசினால் அடைக்கும்.

"தொண்ணூறு துளை திறந்திருக்கு" என்றது நாரை.

"ஒரு பௌர்ணமி தவறினதில்லைங்க. நரி கேட்கிற பத்தை அன்னைக்கே கட்டிடுவோம்."

"பத்துல நாலு வட்டிக்குப் போகுது. ஆறு கடனுக்குப் போகுது. அன்னைக்குச் சாயங்காலமே ஆறு கிழங்குக்குத் தேன் வாங்குறீங்க."

மரத்தில் அதுவும் இருந்தது.

"மாசம் முப்பது தோண்டுறீங்க. சாப்பாட்டுக்குப் பதினைந்து, நரிக்குப் பத்து. மிச்சம் ஐந்து. என் தவணை பதினைந்து. குறையற பத்து எங்கேயிருந்து வரும்?"

"அதுக்குத்தான் இறகு இருக்கே" என்றது ராக்கன்.

நாரை காலை மாற்றி நின்றது. "போயிட்டு வாங்க."

வழியில் ராக்கன் சொன்னது: "நாரைக்குப் பொறாமை. அதுக்கு இவ்வளவு நீள இறகு இல்ல."

"அந்த இறகுங்களைக் கழற்றுங்க" என்றது பூவாயி.

"கழற்றிட்டுக் கடைத்தெருவுக்கு எப்படிப் போறது? வெறும் முள்ளோடயா?"

"வெறும் முள்ளோடதானே பொறந்தீங்க."

இறகுகள் வளையின் மூலையில் மண்ணுக்கடியில் போயின. சாப்பாடு பதினைந்திலிருந்து பத்தாயிற்று. நரிக்கு மாதம் இருபது கட்டின. மூன்றில் வட்டி அதிகமான இறகின் கடனை முதலில் தீர்த்தன. குட்டிகள் தேன் கேட்டன. தேன் எப்படி இருக்கும் என்று பூவாயி விளக்கிச் சொன்னது.

ஆடியில் நரி தேடிக்கொண்டு வந்தது.

"என்ன அக்கா, நம்ம மேல கோபமா? கேட்டது பத்து, கட்டுறது இருபது. எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நான் எப்படிப் பொழைக்கிறது?"

நரி நான்காவதாக ஓர் இறகை எடுத்தது. மற்ற மூன்றையும்விட நீளம்.

"மச்சானுக்குன்னே கொண்டுவந்தேன். ஐம்பது வரைக்கும் வாங்கலாம். மூணு மாசம் வட்டியே கிடையாது."

ராக்கனின் கை நீண்டது.

"நாலாவது மாசம்?" என்று கேட்டது பூவாயி.

நரி வானத்தைப் பார்த்தது. "மழை வரும்போல இருக்கு."

"அதுக்குத்தான் எங்களுக்கு அவசரம்" என்றது பூவாயி. அதன் முதுகில் முள் எல்லாம் நிமிர்ந்து நின்றது. ராக்கன் கையை இழுத்துக்கொண்டது. நரி இறகைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

புரட்டாசியில் மரங்கொத்தி கடைசித் துளையை அடைத்தது. இரண்டும் மறுபடி நாரையிடம் போயின.

"கையில என்ன இருக்கு?"

ராக்கன் பழக்கத்தில் முதுகைத் திருப்பியது. அங்கே முள்தான் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. யாருக்கும் தர வேண்டியதும் இல்ல."

"உட்காருங்க" என்றது நாரை.

ஐப்பசியில் பள்ளக்கரை முழுகியது. மேட்டு வளையில் இரண்டு குட்டிகளும் நனையாமல் தூங்கின. பௌர்ணமியன்று நாரை வந்து பதினைந்து கிழங்கை எண்ணி வாங்கிக்கொண்டு போயிற்று.

தண்ணீர் வடிந்ததும் பழைய வளைக்கு ஒரு முயல் குடிவந்தது. அதன் காதில் நீளமாக ஒரு மயிலிறகு இருந்தது.

நீதி: கடன் கொடுத்தவன் கேட்கிற தொகையோடு நின்றுவிடாதே, நீ வாங்கிய தொகை முழுவதையும் கட்டு, அதன் பிறகு வீட்டுக்குக் கடன் கேட்கப் போ.