கிழக்கே திருப்பினால் முதலாளி

அடுக்குமாடி கட்டி விற்கும் மாசிலாமணி, மொட்டைமாடியில் எடுத்த 360 டிகிரி படத்துக்குப் பொத்தான்கள் வைக்க கம்ப்யூட்டர் வேலை தெரிந்த பர்வீனைக் கூப்பிட்டார்.

"அமுக்கினா படம் நாலு பக்கமும் திரும்பணும். ஆனா கிழக்கே இருக்கிற சுடுகாடு தெரியக்கூடாது. தெரிஞ்சா உனக்கு வேலை இல்ல."

"அந்த இடத்துல உங்க சிரிச்ச முகத்தைப் பெரிசா வச்சிடறேன் சார்."

மாசிலாமணிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

விற்பனை நாளன்று வீடு வாங்க வந்த ஓர் அம்மாள் பொத்தானை அமுக்கிக் கிழக்கே திருப்பினார். சிரித்த முகம், தலைக்கு மேல் மெல்லிய புகை.

"ஐயோ பாவம், எப்ப தவறினாரு?"

பின்னால் நின்ற மாசிலாமணி பதறிப்போனார். "அங்கேருந்து என் முகத்தை எடு, பர்வீன்!"

"சார், எடுத்தா..."

"எடுன்னா எடு!"

எடுத்தாள். சுடுகாடு திரை முழுக்க விரிந்தது. அம்மாள் செருப்பைத் தேடினார்.

"நான் மறைச்சுத்தான் வச்சிருந்தேன் சார்," என்றாள் பர்வீன். "காட்டச் சொன்னது நீங்க."