ஆளில்லாமல் போன வண்டிகள்

"மாப்பிள்ளை, மாடு ஒண்ணு சொன்னா காது கொடுத்துக் கேளுங்க" என்று கொத்தலூர்த் தலைவர் செங்கணானின் மாமனார் படுக்கையில் கிடந்தபடி ஒருநாள் சொன்னார். நாளடைவில் செங்கணானுக்கு அது மறந்துபோயிற்று.

அந்தக் காலத்தில் மாடுகள் பேசின. வண்டி ஓட்ட ஆள் வேண்டாம். "சந்தைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா" என்றால் மாடு தானே போகும். பள்ளம் பார்த்து ஒதுங்கும். உப்புக்காரரிடம் கேட்டு வாங்கி வரும். கூடப் போகும் அலைச்சல் இல்லை என்றானதும் ஊர் சொகுசு கண்டுவிட்டது. ஒரு பிடி கறிவேப்பிலைக்கு ஒரு வண்டி போயிற்று. மறந்துபோன இஞ்சிக்கு இன்னொரு வண்டி போயிற்று.

சந்தைத் திடலில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. "இனி திடலில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது" என்று செங்கணான் உத்தரவு போட்டார். எல்லாரும் மெச்சினார்கள். பிறகு அவரவர் மாட்டிடம், "நான் கூப்பிடுற வரைக்கும் தெருவைச் சுத்திக்கிட்டே இரு" என்றார்கள். செங்கணானும் தம் மாடுகளிடம் அதையேதான் சொன்னார். தெருவெல்லாம் வெறும் வண்டிகள் சுற்றின.

ஒரு சந்தை நாளில் அவர் மகள் உலகம்மைக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சிக்கு நடை வராது. சந்தைக்கு அப்பால் இருந்த அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மயிலைக்காளை பூட்டிய வண்டியில் மகளைப் படுக்க வைத்து, செங்கணானும் ஏறினார்.

கடைத்தெரு முனையில் வண்டி நின்றது.

"என்னடா மயிலை?"

"முன்னால நிக்கிறவன் நகரணும், ஐயா."

செங்கணான் இறங்கி ஓடினார். முன்னால் ஒரு செவலைக்காளை வெறும் வண்டியோடு நின்றது.

"ஒதுங்குடா! உள்ளே பிள்ளைத்தாய்ச்சி கிடக்கிறா!"

"எங்கே ஒதுங்க? பக்கத்தில இருக்கிறவன் காலையிலேர்ந்து ஒரு கட்டு கொத்தமல்லியோட நிக்கிறான். அது வெயில்லயே துவையலாயிடுச்சு."

"சிரிக்காதே. நீ எதுக்கு வந்தே?" என்றது பக்கத்து மாடு.

"நான் எதுக்கும் வரலை. சுத்தச் சொன்னாங்க, சுத்துறேன்."

"எந்தக் கேடுகெட்டவன் சொன்னான்?" என்று கத்தினார் செங்கணான்.

செவலை அவரை ஏற இறங்கப் பார்த்தது. "என்னைத் தெரியலையா, ஐயா? உங்க வீட்டுச் செவலைதான்."

பின்னால் உலகம்மை அலறினாள். மகளைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தார். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை.

மறுநாள் ஊர் கூடியது. உலகம்மை பிழைத்துக்கொண்டாள்; பக்கத்துத் திண்ணையில் படுத்திருந்தாள்.

"எல்லாம் இந்த மாடுகளால வந்தது. திமிர் பிடிச்சுத் திரியுதுங்க" என்றார் ஒருவர்.

மயிலை முன்னே வந்தது. "நாங்களா எங்கேயும் போகலை, ஐயா. வண்டியை அனுப்புறவங்க அந்த வண்டியில உக்காந்து வரட்டும். அப்படி ஒரு விதி போடுங்க. ஒரு பிடி கறிவேப்பிலைக்கு யாரு வருவா? தெரு தானா காலியாகும்."

"நல்லாயிருக்கே! நாங்க வெயில்ல வேகணும், இவரு யோசனை சொல்லுவாரு!" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

செங்கணான் சிரிக்கவில்லை. மயிலை சொல்வது சரி என்று அவருக்குத் தெரிந்தது. சரி என்று ஒப்புக்கொண்டால், சுற்ற வைத்த உத்தரவு யாருடையது என்று கேட்பார்கள். வழியை மறித்து நின்ற வண்டி யாருடையது என்று கேட்பார்கள். மயிலை அதற்கும் பதில் சொல்லும். அது உலகம்மை காதில் விழும்.

மாட்டின் மூக்கில் கயிறு ஏறியதும், நாளெல்லாம் வாயை அசைத்தும் அதிலிருந்து ஒரு சொல் வராமல் போனதும் அன்று முதல்தான். பேச்சை அடக்க, எல்லா மாட்டுக்கும் மூக்கைக் குத்திக் கயிறு போடச் சொன்னார் செங்கணான். முதலில் மயிலைக்கு, அடுத்து செவலைக்கு.