தலைப்பாகையில் செருகிய சீட்டு

முன்னொரு காலத்தில், சீட்டுக்கட்டு என்றால் என்னவென்றே நம் சீமைக்குத் தெரியாத நாளில், ஒரு ராஜா இருந்தார். நல்லவர், போரில் சூரர். ஆனால் மனதில் இருப்பதை முகத்தில் மறைக்க மட்டும் அவருக்குத் தெரியாது. பாயசம் என்று மனதில் நினைத்தால் போதும், பரிசாரகன் கரண்டியைத் தூக்கிவிடுவான்.

அந்த ராஜாவுக்குக் கடல் தாண்டி வந்த கப்பல் வியாபாரி ஒருவன் ஒரு சீட்டுக்கட்டைக் காணிக்கையாகக் கொடுத்தான். அதில் ஐம்பத்திரண்டு சீட்டு. மேலே அழுக்குப் படாமல் மூடிவைக்க, எதுவும் எழுதாத வெள்ளைச் சீட்டு ஒன்று. எண்கள் இரண்டில் தொடங்கிப் பத்து வரை போயின. அதற்கு மேல் ஜாக்கி, ராணி, ராஜா. எல்லாருக்கும் மேலே ஒற்றைப் புள்ளி போட்ட ஆஸ்.

"ராஜாவுக்கு மேலே ஒரு புள்ளியா?" என்று கேட்ட ராஜாவின் முகம் சிவந்தது. வலப்பக்கத்து ஆசனத்தில் இருந்த விகடகவி கூத்தப்பிரான் எழுந்தான்.

"பிரபு, அந்தப் புள்ளி வயலில் தனியாக நிற்கும் குடியானவன். அவன் விதைக்காவிட்டால் ராஜா, ராணி, ஜாக்கி மூவருக்கும் பட்டினி."

ராஜா குலுங்கிச் சிரித்தார். ஆஸ் பிழைத்தது.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் பிரதானி அனந்தமூர்த்தியாரின் வயிற்றில் நெருப்பு. இருபத்தைந்து வருஷமாக ஏரிக்கரை உடையாமலும் கோட்டைக் கதவு துருப்பிடிக்காமலும் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு நாளாவது ராஜா அவரைப் பார்த்துச் சிரித்ததுண்டா? தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். நேற்று வந்த கூத்தப்பிரானுக்கு வலப்பக்கம், அவருக்கு இடப்பக்கம். மனிதர் நாள் முழுவதும் வெற்றிலையை மெல்லுவார். வெற்றிலையோடு கூத்தப்பிரானையும் சேர்த்துத்தான் மென்றார் என்று அரண்மனையில் பேசிக்கொள்வார்கள்.

வியாபாரி சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் ஆளுக்கு ஐந்து சீட்டு. அவற்றை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு, நல்ல சீட்டு இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றி, எதிராளியைப் பயமுறுத்தி விலக வைக்க வேண்டும். நம் ராஜாவுக்கு இது நடக்கிற காரியமா? நல்ல சீட்டு வந்தால் மீசை துடிக்கும், எல்லாரும் விலகுவார்கள். மட்டச் சீட்டு வந்தால் பெருமூச்சு வரும், எல்லாரும் பந்தயத்தை ஏற்றுவார்கள். பத்து நாள் தோற்றார். பதினோராம் நாள் சீட்டுக்கட்டை வீசி எறிந்தார்.

"என் சீட்டு எனக்குத் தெரிவதால்தானே முகம் காட்டிக்கொடுக்கிறது? இன்று முதல் எவனும் தன் சீட்டைப் பார்க்கக் கூடாது!"

இப்படிப் பிறந்ததுதான் தலைப்பாகை ஆட்டம். ஆளுக்கு ஒரே சீட்டு. பார்க்காமல் வாங்கி, படம் வெளியே தெரியும்படி தலைப்பாகையின் முன்மடிப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நடுவில் ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு வைப்பார்கள். தைரியசாலி பாக்கை ஏற்றலாம், பயந்தவன் விலகலாம். கடைசிவரை நின்றவர்களில் எவன் தலையில் பெரிய சீட்டோ அவனுக்கே அத்தனை பாக்கும். அடுத்தவன் சீட்டை வாயால் சொன்னாலோ கையால் காட்டினாலோ கசையடி. வாய்க்குத் தடை போட்டார், கைக்குத் தடை போட்டார். முகத்துக்குத் தடை போட ராஜாவுக்குத் தோன்றவில்லை.

பொறாமைக்கென்றே செய்த ஆட்டம் என்றால் இதுதான். அடுத்தவன் தலையில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும், தன் தலையில் இருப்பது மட்டும் தெரியாது. தன் தலையில் ஆஸ் இருக்க, எதிராளியின் ஒன்பதைக் கண்டு வயிறெரிந்து விலகிப்போன புத்திசாலிகள் அந்தச் சபையில் எத்தனையோ பேர்.

கூத்தப்பிரான் மட்டும் தினமும் மடி நிறையப் பாக்கோடு வீட்டுக்குப் போனான். நல்ல சீட்டு வந்தால் நிற்பான், மட்டமானால் விலகுவான், ஒரு நாளும் தவறவில்லை. பிரதானியாருக்குச் சொந்தத்தில் பாக்குத் தோப்பே இருந்தது. ஆனாலும் அந்த மடியைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாவுக்கும் உள்ளுக்குள் குமைச்சல்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் அவர், ஜெயிப்பவன் வேறொருவன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு நாள் பிரதானியார் எழுந்தார். "மகாராஜா, இவன் எங்கோ ஒரு கண்ணாடியை ஒளித்துவைத்திருக்கிறான். அதில் தன் சீட்டைப் பார்க்கிறான். தங்கள் ஆட்டத்துக்கே இது துரோகம்."

காவலர்கள் கூத்தப்பிரானை உதறிப் பார்த்தார்கள். இரண்டு பாக்கும் ஒரு பல்குச்சியும்தான் விழுந்தன.

"உண்மையைச் சொல். கண்ணாடி உண்டா, இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

"உண்டு, பிரபு."

சபை அதிர்ந்தது. பிரதானியார் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

"நாளை அதை இந்தச் சபைக்குக் கொண்டுவா! அதைக் கொண்டு உன் சீட்டு இன்னதென்று என் முன்னே சொல்ல வேண்டும். தவறினால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு வெளியே துரத்துவேன்."

"அப்படியே, பிரபு. ஆனால் அதை நான் சுமந்துவர வேண்டியதில்லை. தினமும் பல்லக்கில் அதுவாகவே வந்துவிடும்."

யாருக்கும் புரியவில்லை. பிரதானியார் இன்னொரு நிபந்தனை போட்டார். "மகாராஜா, சபையில் பளபளக்கும் பாத்திரம், கேடயம் எல்லாவற்றையும் துணியால் மூட வேண்டும். தாங்களும் சபையோரும் இவன் முதுகுக்குப் பின்னால் அமர வேண்டும். ஜாடை காட்ட எதிரே யாரும் கூடாது. அடியேனே எதிரில் இருந்து சீட்டைச் செருகுகிறேன்."

"அடியேனும் அதையே வேண்டுகிறேன்" என்றான் கூத்தப்பிரான்.

மறுநாள் காலையில் அவன் தலைப்பாகை கட்டும்போது மனைவி செங்கமலம் வழிமறித்து நின்றாள்.

"கழுத மேல ஏத்துவாங்களாமே! எதிர்வீட்டுக்காரி வேடிக்க பாக்க இப்பவே வாசல்ல எடம் புடிச்சி உக்காந்துட்டா."

"ஒரு மணை எடுத்துப் போடு. பாவம், இடுப்பு வலிக்கும்."

"சிரிக்காதீங்க! அந்தக் கண்ணாடி எங்கதான் இருக்கு?"

"சபைக்கு வந்துரும், செங்கமலம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வராட்டியும் பரவால்ல. கழுதைக்குப் பின்னாடி நானும் நடந்து வந்துருவேன்."

கூத்தப்பிரான் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனான்.

சபையில் பாத்திரமெல்லாம் துணிக்குள் இருந்தது. ராஜா பின்னால் அமர்ந்தார். பிரதானியார் பல்லக்கை விட்டு இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தார். சீட்டுக்கட்டைக் கலைத்தார். கலைப்பதுபோல் கலைத்து, பட்டு அங்கியின் கைக்குள்ளிருந்து அந்த எழுதாத வெள்ளைச் சீட்டை உருவி, கூத்தப்பிரான் நெற்றிமேல் செருகினார். இவன் எந்தச் சீட்டின் பெயரைச் சொன்னாலும் தப்பு. எப்படித் தப்புவான்?

கூத்தப்பிரான் பிரதானியாரின் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தனை நாள் ஆட்டத்தில் இப்படி ஒரு முகத்தை அவன் கண்டதே இல்லை. வெற்றிலை சர்க்கரைபோல் கரைகிறது, கன்னம் மின்னுகிறது, கண்ணில் கல்யாணக்களை. கழுதை, எல்லை, செங்கமலம் எல்லாம் அவன் நினைவில் ஓடின.

"என்ன, கண்ணாடி மங்கிவிட்டதா?" என்றார் பிரதானியார்.

"இல்லை ஐயா, இன்றுதான் பளிச்சென்று இருக்கிறது." கூத்தப்பிரான் திரும்பாமலே சொன்னான். "பிரபு, இந்தச் சீட்டில் எதுவுமே எழுதவில்லை."

பிரதானியாரின் வாயிலிருந்து வெற்றிலை மடியில் விழுந்தது.

ராஜா இறங்கி வந்து தம் கையாலேயே சீட்டை உருவினார். முன்னும் பின்னும் புரட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எப்படியடா கண்டாய்? எங்கே உன் கண்ணாடி?"

"தங்கள் முன்னே உட்கார்ந்திருக்கிறது, பிரபு. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்களே. அடியேனுக்கு ஆஸ் வந்தால் பிரதானியார் மெல்லுவதை நிறுத்திவிடுவார். ராஜா வந்தால் பல்லைக் கடிப்பார். எட்டு, ஒன்பது என்றால் மூக்கு மட்டும் சுருங்கும். சீட்டு இறங்க இறங்க முகம் மலரும். இரண்டு வந்தால் எவ்வளவு மலரும் என்பதும் எனக்கு மனப்பாடம். இன்று அதையும் தாண்டி மலர்ந்தது. சீட்டுக்கட்டில் இரண்டுக்குக் கீழே சீட்டு ஏது? ஒன்றுமில்லாததுதான் இருக்க வேண்டும்."

"அது... அது தானாகவே சீட்டுக்கட்டில் கலந்துவிட்டது, மகாராஜா" என்று குழறினார் பிரதானியார்.

"அந்தக் கழுதையைக் கொண்டுவாருங்கள், வீணாகப் போக வேண்டாம்" என்றார் ராஜா.

கூத்தப்பிரான் கைகூப்பினான். "வேண்டாம், பிரபு. கண்ணாடியைக் கழுதைமேல் ஏற்றினால் உடைந்துவிடும். ஏரியும் கோட்டையும் அவர் கையில் பத்திரமாக இருக்கின்றன. அடியேனுக்கும் இவ்வளவு துல்லியமான கண்ணாடி வேறெங்கே கிடைக்கும்?"

ராஜா கோபத்தை விழுங்கிக்கொண்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பிரானுக்குப் போட்டார். போட்டுவிட்டு மாலையைப் பார்க்காமல் பிரதானியாரின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சீட்டு?"

"எட்டுதான், பிரபு."

"போதாது." இரண்டு கையிலும் கடகம் ஏறியது.

"ஜாக்கி, பிரபு."

பட்டுப் பீதாம்பரம் வந்தது, பால் மாடு வந்தது. "ராணி" என்றான், "ராஜா" என்றான். பிரதானியார் புது வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, எதுவும் பாதிக்காதவர்போல் உத்தரத்தைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக் கடித்து மென்றார். ராஜாவுக்கு இனிக் கொடுக்க எதுவும் தோன்றவில்லை. சட்டென்று கூத்தப்பிரானை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

மெல்லுவது நின்றது.

"ஆஸ்!" என்று சபையே கூவியது.

ராஜா அந்த முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபத்தைந்து வருஷத்தில் ராஜா பிரதானியாரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.